தோட்டத்தை விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடி வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று தள்ளிவிட்டுப் போகாமல், ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சமீப காலமாக என்னிடம் பேசுகிற பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஹட்டியில் கிடக்கிற ஒரு ஏக்கர், அரை ஏக்கர் தேயிலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்றுவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு ஃப்ளாட்டாவது வாங்கலாமே?" கேட்பவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. பிள்ளைகளின் ஃபீஸும் அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவும் கண்முன்னால் நிற்பவர்கள். "பாட்டன் பூட்டன் மண், விற்காதே" என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்பவர்கள் யாரும் உரக்கடைப் பாக்கியைக் கட்டித் தரப்போவதில்லை. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை வாரியத்தின் கணக்குப்படி அதில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பசுந்தேயிலை வேண்டும். 65ஐ நாலரையால் வகுத்தால் 14 ரூபாய் சொச்சம். கொழுந்து பறிக்கும் கூலி, உரம், கவாத்து, வண்டி வாடகை எல்லாம் அந்தப் பதினாலுக்குள் அடங்க வேண்டும். எப்படி அடங்கும்?

கோளாறு கணக்கு தொடங்கும் இடத்தில்தான் இருக்கிறது. நெல்லுக்கும் கரும்புக்கும் அரசாங்கம் விலை அறிவிக்கும்போது விளைவிக்கும் செலவையும் பார்க்கிறது. நம் பசுந்தேயிலைக்கு மட்டும், கடைசியில் தூள் என்ன விலைக்குப் போனதோ அதிலிருந்து பின்னோக்கி வகுத்து வருகிறார்கள். நம் செலவு அந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. 2023 செப்டம்பரில் நட்டக்கல்லில் நம் மக்கள் உண்ணாவிரதம் இருந்து கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டது இதனால்தான். அது சலுகை கேட்ட போராட்டம் இல்லை, கூலிக் கணக்கு கேட்ட போராட்டம். அது நியாயம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் விலை ஒன்று மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் பழைய கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

நம் முன்னோர்கள் சாமையும் ராகியும் விதைத்தவர்கள். பிறகு உருளைக்கிழங்கு வந்தது. மேட்டுப்பாளையம் மண்டியில் வியாபாரி வைத்ததுதான் விலை என்றிருந்த காலத்தில், ராவ் பகதூர் ஆரி கவுடர் போன்றவர்கள் முன்நின்று 1935ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை உண்டாக்கினார்கள். கிழங்குக்கு மரியாதை வந்தது. 1961ல் ஊட்டிப் பக்கம் கிழங்கு வேரில் நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. விளைச்சல் சரிந்தது, விதைக்கிழங்கு வெளியே போகவும் பின்னால் தடை வந்தது. நிலம் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறியது. 1962ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை, 1965ல் எல்லாவற்றுக்கும் சேர்த்து இண்ட்கோசர்வ். அன்றைக்கு சோவியத் நாடு நம் தூளை மூட்டை மூட்டையாக வாங்கியது. அந்த நாடு உடைந்தது, பிறகு 1998ல் ரஷ்யாவின் பணமே சரிந்தது. அந்த வருஷம் நல்ல விலை பார்த்த பசுந்தேயிலை, 2000ல் பறிகூலிக்குக் கூடக் கட்டுபடியாகாத நிலைக்கு வந்தது. அப்போது பள்ளியில் இருந்த மாணவர்களுக்கு நினைவிருக்கும். ஃபீஸ் கட்ட முடியாமல் எத்தனை பேர் தலை குனிந்து நின்றீர்கள்!

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. நாம் ஒவ்வொரு முறையும் பிழைத்தது ஒன்று சேர்ந்ததால். ஒவ்வொரு முறையும் விழுந்தது, இருப்பதையெல்லாம் ஒரே பயிரில் போட்டதால்.

இங்கே ஒரு சின்ன தேசத்தைப் பற்றிச் சொல்கிறேன். பூகோளம் எடுத்தவள், விடமாட்டேன். வடக்கு அட்லாண்டிக் கடலில் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே பரோயே என்று 18 தீவுகள். டென்மார்க்கைச் சேர்ந்தவை, 1948 முதல் தன்னாட்சி. மொத்த மக்கள் சுமார் 54,000. நம் படுகர்களின் எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. குளிர், மூடுபனி, ஓயாத மழை, மேய்கிற ஆடு. கடலை மட்டும் எடுத்துவிட்டால் கோடநாடு வியூ பாயின்ட்டில் நிற்பது போலவே இருக்கும். நமக்குத் தேயிலை எப்படியோ அவர்களுக்கு மீன் அப்படி. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீன்தான். 1990களின் தொடக்கத்தில் மீன்வளம் குறைந்து, வங்கிகளும் கவிழ்ந்து, கிட்டத்தட்ட பத்தில் ஒருவர் தீவை விட்டே போய்விட்டார்கள். பின்னாளில் பலர் திரும்பி வந்தார்கள். அதற்குக் காரணம் மீன் மட்டும் இல்லை. தீவுகளைச் சுரங்கச் சாலைகளால் இணைத்தார்கள், சால்மன் வளர்த்தார்கள், சொந்த மொழியில் பள்ளி, பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டார்கள்.

அந்த மொழிக்கு இன்றைய எழுத்துமுறையே 1846ல்தான் வந்தது. கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் டேனிஷ்தான் கோலோச்சியது. 2017ல், கூகுள் மொழிபெயர்ப்பில் தங்கள் மொழி இல்லையே என்று பார்த்து, யார் எந்த வாக்கியம் கேட்டாலும் ஊர்க்காரர்களே தங்கள் மொழியில் பேசி வீடியோ எடுத்து அனுப்பினார்கள். 2024ல் கூகுளும் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்குத் தனிப் பாராளுமன்றம் உண்டு, டென்மார்க்கின் பண உதவியும் உண்டு. நமக்கு அவை இல்லைதான். ஆனால் ஃபோனை எடுத்துப் பாட்டி பேசுவதைப் பதிவு செய்ய எந்தப் பாராளுமன்றமும் வேண்டியதில்லை.

2011 கணக்கெடுப்பில் படுகைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1,33,550 பேர். அதையும் கன்னடத்துக்குக் கீழே ஒரு வரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் நம் நீலகிரி: 2001ல் 7,62,141, 2011ல் 7,35,394. ஹட்டியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும்.

நான் இதைத் தமிழில் எழுதுகிறேன். என் மாணவர்களில் தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள், கோத்தர், இருளர், சமவெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் உண்டு. தமிழ் எனக்குச் சோறு போட்ட மொழி, அதோடு எனக்குச் சண்டை இல்லை. இன்று நம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஜார்க்கண்ட் பிள்ளைகளோடும் சண்டை இல்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பதால்தான் நமக்கே படுகர் என்று பெயர் வந்தது என்கிறார்கள். யாரையும் வெளியே தள்ளி அடையாளத்தைக் காப்பாற்ற முடியாது.

என் வருத்தம் வேறு. வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளை உடுத்திப் பேரகணி ஹெத்தெ ஹப்பாவுக்கு வந்து ஆடி, படம் போட்டு, மே 15 அன்று படுகர் தின வாழ்த்துப் போட்டு, சாய் பல்லவி நம்ம ஊர்ப் பொண்ணு என்று பெருமைப்பட்டு முடித்துக்கொள்கிறோம். பெருமை நல்லதுதான். ஆனால் பெங்களூரில் பிறந்த பேத்தி ஹெத்தெயிடம் ஆங்கிலத்தில் பேச, ஹெத்தெ சிரித்து மட்டும் வைக்கிற வீட்டில் எத்தனை நாள் அந்தப் பெருமை நிற்கும்?

இப்போது சொந்தக்காரர்களுக்குக் கொஞ்சம் கசக்கும் ஒரு விஷயம். நாம் வரதட்சணை கேட்காத சமூகம் என்று மார்தட்டுகிறோம், உண்மைதான். 1962லேயே அக்கம்மா தேவியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மண் இது. ஆனால் நிலம் என்று வந்தால் மகனுக்குத்தான். காலமெல்லாம் தோட்டத்தில் குனிந்து நின்றவள் பெண், பட்டாவில் பெயர் ஆணுடையது. 1989ல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005ல் நாடு முழுமைக்குமான சட்டமும் மகளுக்குச் சம உரிமை கொடுத்தாயிற்று. நாம்தான் "கட்டிக்கொடுத்தாயிற்றே" என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். என்னிடம் படித்த பெண்களில் வேளாண்மை படித்தவர்கள், கணக்கு படித்தவர்கள், ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்து ஏதாவது செய்யலாம் என்று ஆசைப்படுகிறவர்களும் அவர்கள்தான். அவர்களுக்குக் கால் வைக்கச் சொந்தமாக ஒரு அடி மண் இல்லை. மகன் வெளியூரில் இருந்துகொண்டு விற்கத் துடிக்கிறான், மகள் செய்யத் தயாராக இருந்தும் உரிமை இல்லாமல் நிற்கிறாள். இப்படி இருந்தால் நிலம் ரிசார்ட்காரர் கைக்குப் போகாமல் வேறெங்கே போகும்?

சரி, விற்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்.

உயிர் காக்கும் செலவு என்றால் விற்றுத்தான் ஆக வேண்டும், அதில் வெட்கம் இல்லை. அப்போதும் முதலில் ஹட்டிக்குள் கேளுங்கள், விவசாயம் செய்கிறவருக்குக் கொடுங்கள். மற்றபடி, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதற்காக மட்டும் விற்காதீர்கள். குத்தகைக்கு விடுங்கள். அதற்கு முன் வீட்டுப் பெண்ணிடம், "நீ பார்த்துக்கொள்கிறாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இருக்கிற நிலத்தில் கால் பங்கையாவது தேயிலையிலிருந்து விடுவியுங்கள். காய்கறி, மிளகு, வெண்ணெய்ப்பழம், எது உங்கள் மண்ணுக்கு ஒத்துவருமோ அது. நல்ல கொழுந்து மட்டும் பறித்துத் தரமான தூள் செய்து நேரடியாக விற்க நாலு குடும்பம் சேர்ந்தால், நூறு ரூபாய் ஏலக் கணக்கிலிருந்து கொஞ்சமாவது வெளியே வரலாம்.

கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினராக இருப்பவர்கள் பொதுக்குழுவுக்குப் போய் வரவு செலவைக் கேளுங்கள். அது நம் தாத்தாக்கள் நமக்காகக் கட்டியது. ஏஜென்ட் உடனே காசு கொடுக்கிறார் என்று கொழுந்தை வெளியே கொடுத்துவிட்டு, கூட்டுறவு நொடித்துவிட்டது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளே, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு ஃபோன் செய்யும்போது உங்கள் குழந்தையையும் படுகையில் பேச வையுங்கள். தப்பாகப் பேசட்டும். அவரெ உதக்கயும் பொத்திட்டும் எப்படிச் செய்வது என்று பெரியவர்களைப் படுகையிலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள்.

உங்கள் ஹட்டியில் எத்தனை தோட்டம் கைமாறியது, யாருக்கு, எதற்காக என்று கீழே எழுதுங்கள். மகளுக்கு நிலம் எழுதிக்கொடுத்த வீடு இருந்தால் அதையும் எழுதுங்கள், மற்றவர்களுக்குத் தைரியம் வரும். என்னோடு ஒத்துப்போகாதவர்களும் தாராளமாகச் சொல்லலாம். மரியாதையாகச் சண்டை போடத்தான் அன்றைக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேனே.

அன்புடன்,
உங்கள் பூகோள டீச்சர்
கோத்தகிரி