தராசு யார் கையில்?

பீர்மேடு, ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு மலைத்தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் தொழிலாளி, பகல் முழுதும் பறித்ததைச் சுமந்துகொண்டு நிறுக்கும் இடத்திற்கு வருகிறார். எடையைப் பார்ப்பவர் வேறொருவர். ஈரத்திற்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பவரும் அவரே. கடைசியில் ஏட்டில் ஏறும் எண்தான் அன்றைய உழைப்பு என்றாகிவிடுகிறது. கூலியை உயர்த்து என்ற முழக்கத்துக்கு எவ்வகையிலும் குறையாதது, தராசைக் காட்டு என்ற கோரிக்கை.

‘சுயாதீனக் கலைஞர்’ என்று இன்று கொண்டாடப்படுகிறவரின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. திரைப்பட நிறுவனத்தைச் சாராமல் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவர் அவர். யாருக்கும் கட்டுப்படாதவர் என்ற பொருளில் அவருக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. ஆனால் அவருடைய பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது, அதற்கு எவ்வளவு பணம் வந்தது, அதில் அவர் பங்கு எவ்வளவு ஆகிய மூன்றையும் அவர் அறிவதில்லை. பிறர் சொல்வதை நம்பியாக வேண்டும்.

அரக்கோணத்திலிருந்து வந்த பாடகர் அறிவின் பயணம் இதற்குத் தெளிவான சான்று. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா, ராப், ராக், பறை யாவும் ஒரே மேடையில் ஒலித்தன. ‘சாதியற்ற தமிழர்’ என்ற அயோத்திதாசரின் கருத்திலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. அம்மேடையில் அறியப்பட்ட அறிவு, 2019இல் ஆஃப்ரோவுடன் இணைந்து ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். சாதியையும் மதவெறி அரசியலையும் நேருக்கு நேர் எதிர்த்த பாடல்கள் அவை.

2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளிவந்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில், மாஜா என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டின் வேர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நாடற்றவராக்கப்பட்டுத் தமிழகம் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். 1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியிலும், மற்றொரு பகுதியினர் புனலூர் ரப்பர்த் தோட்டத்திலும், வண்டிப்பெரியாற்றுக்கு அப்பால் உள்ள கவியின் ஏலத்தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். ஆகவே பீர்மேட்டு லயங்களில் கைப்பேசி வழியே அந்தப் பாட்டு ஒலிக்கும்போது, கேட்பவர்களுக்கு அது வேற்றூர்க் கதையன்று.

பாட்டு கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. எழுதியவருக்கு என்ன நேர்ந்தது? 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில், அந்தப் பாட்டின் வெற்றியை முன்னிட்டு வந்த படத்தில் அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு வலுத்த பின்னரே அவருக்கெனத் தனி அட்டை இணையத்தில் வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு பாடப்பட்டபோதும் மேடையில் அவர் இல்லை. அதன்பின், தன் உழைப்பு மறைக்கப்படுகிறது என்று அவர் எழுதினார். பாட்டில் தன் பங்கையும் தீயின் பங்கையும் விளக்கி சந்தோஷ் நாராயணன் பதில் அளித்தார்.

யார் எத்தனை விழுக்காடு உழைத்தார் என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது ஓர் அரசியல் இயக்கத்தின் வேலையன்று. கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. 2024 மார்ச்சில், பாட்டு வெளியாகி மூன்றாண்டு நிறைந்தபோது, அதனால் தங்களுக்கு ஒரு பைசா வருவாயும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே காணொளியில் அறிவித்தார். நிறுவனத் தரப்பு தன் விளக்கத்தை வெளியிட்டது. எவர் சொல்வது சரியாயினும் ஒன்று உறுதி. எழுதியவரும் இசையமைத்தவரும் புகழின் பங்கீட்டைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த காலம் முழுதும், பணத்தின் கணக்கு இருவர் கையிலும் இல்லை. தொழிலாளர் தமக்குள் பிணங்கி நிற்க, தராசு வேறிடத்தில் இருந்தது.

இணைய இசைத்தளங்களின் தராசு இன்னும் நுட்பமானது. பெரும்பாலான தளங்களில் ஒரு பாட்டைக் கேட்டவர் கட்டிய பணம் அந்தப் பாட்டுக்காரருக்கு நேராகப் போவதில்லை. எல்லாப் பணமும் ஒரே தொகுதியில் சேர்ந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கப்படுகிறது. பெரும் நிறுவனங்களின் பாடல்கள் குவிந்த பக்கமே பணமும் குவியும். 2024 முதல் ஸ்பாட்டிஃபை மற்றொரு விதியையும் சேர்த்தது: பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு ஒன்றும் கிடையாது. தோட்டத்தில் குறித்த அளவு பறிக்காதவரின் கூலியில் கைவைக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் இயல்பு விளங்கும். அங்காவது பறித்த கொழுந்தைப் பறித்தவர் கண்ணால் பார்க்கலாம்.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் சமபங்கு அளித்தது. அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும் சொன்னது. ஆனால் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே இயற்றப்பட்டது. லயங்களின் கூரை ஒழுகாமல் இருக்கிறதா? பீர்மேடு டீ கம்பெனி 2000ஆம் ஆண்டில் தோட்டங்களைக் கைவிட்டுச் சென்றது. கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளருக்குச் சேர வேண்டிய நிலுவைக்காக 2006இல் தொடுக்கப்பட்ட வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அமைப்பாகத் திரண்ட தொழிலாளி பின்னால் நிற்காத சட்டம் தானாக நடப்பதில்லை. தோட்டத் தொழிலாளிக்குச் சங்கமேனும் உண்டு. தனியாகப் பாடுகிறவருக்கு அதுவும் இல்லை.

இங்கே கட்சி தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மலைப்பகுதியில் பாட்டின் வலிமையை முதலில் கண்டது பொதுவுடைமை இயக்கமே. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1957இல் ஆட்சிக்கு வந்த இ.எம்.எஸ். அமைச்சரவையின் பெரும்பான்மை மெல்லியது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோழர் ரோசம்மா புன்னூஸ் நின்றபோது, தமிழ்த் தொழிலாளரிடம் அவர்கள் மொழியில் பேச வேண்டியிருந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்துடன் மலையேறினார். தானே எழுதி, தானே பாடி, தோட்டம் தோட்டமாகச் சென்றார். கட்சி வென்றது. அவரோடு பாடிப் பழகிய தம்பிகளில் ஒருவர் இளையராஜா. பாவலர் 1973இல் மறைந்தார். தம்பியின் ‘அன்னக்கிளி’ 1976இல்தான் வந்தது.

பாவலரின் பெயர் இன்று பெரும்பாலும் ‘இளையராஜாவின் அண்ணன்’ என்றே சொல்லப்படுகிறது. அவர் பாட்டால் பயன்பெற்ற இயக்கம் அவரை அவர் பெயராலேயே நினைவில் நிறுத்தியிருக்க வேண்டாமா? மேடையில் பாட வருகிறவருக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு சால்வையும் போதும் என்ற பழக்கம் இன்னும் மறையவில்லை. பேச்சாளர் பெயர் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும். பாடுகிறவர் ‘கலைநிகழ்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவார்.

பாட்டு மக்களின் சொத்து, அதற்கு விலை பேசுவது குட்டி முதலாளித்துவப் போக்கு என்று சில தோழர்கள் சொல்வதுண்டு. மக்களின் சொத்து என்பது மக்கள் விலையின்றிப் பாடலாம் என்பதாகும். நிறுவனம் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்பதன்று. பாட்டு அழியாது என்பதற்காகப் பாடுகிறவர் பசிக்காமல் இருக்க மாட்டார். பெயரைக் கேட்பது தன்முனைப்பு என்ற வாதமும் நிற்காது. யாருடைய பாட்டன் பாட்டியின் பெயர்கள் பதிவேட்டில் ஏறாமலே போயினவோ, அவர் வீட்டுப் பிள்ளை தன் பெயரைக் கேட்பது ஓர் அரசியல் கோரிக்கை. அறிவு 2024இல் தம் அடுத்த தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயரிட்டதில் அந்த விடை இருக்கிறது.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டு, போனஸ் வெட்டுக்கு எதிராக எல்லாச் சங்கங்களையும் தாண்டித் தெருவில் அமர்ந்தார்கள். தம் குரல் ஒலிக்காத இடத்தைவிட்டுத் தொழிலாளி விலகிவிடுவார் என்பதே அதன் பாடம். பண்பாட்டுத் தளத்திலும் இதுவே நடக்கிறது. இளங்கலைஞர்கள் இயக்கத்திற்கு வெளியே பாடுகிறார்கள் என்று வருந்துவதைவிட, உள்ளே அவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பது நேர்மை.

செய்ய வேண்டியவை எளியவை. கட்சி, சங்க மேடைகளில் பாடுகிறவருக்கு எழுத்து வடிவில் ஒப்பந்தமும் கூலியும் வேண்டும். பாட்டைப் பதிவிடும் இடத்திலெல்லாம் எழுதியவர் பெயர் வேண்டும். 2023இல் ராஜஸ்தான் மாநிலம் செயலிவழித் தொழிலாளருக்காக இயற்றிய சட்டம், ஒவ்வொரு பணப் பரிமாற்றமும் பதிவாக வேண்டும் என்றது. அந்தக் கோரிக்கையை இசைத்தளங்கள் மீதும் வைக்க வேண்டும். கேட்புக் கணக்கைக் கலைஞர் பார்க்கும் உரிமையே அதன் முதற்படி. இதைத் தனிக் கலைஞர் கேட்டால் வாய்ப்பை இழப்பார். தொழிற்சங்கம் கேட்க வேண்டும். தராசைக் காட்டு என்று கேட்பதில் அதற்கு நெடுநாள் பழக்கம் உண்டு.