யோசனைக்கும் கூலியா?

தெரிந்தவர் ஒருவர் நம் வளவைச் சுற்றிப் பார்க்கிறார். "இந்த மதிலை மறைத்து மரம் வையுங்கள், வாசற் பாதையைச் சற்று வளைத்து விடுங்கள்" என்கிறார். மண் வெட்டியவனுக்கும் கன்று கொண்டுவந்தவனுக்கும் காசு கொடுக்க நாம் மறுப்பதில்லை. வழி சொன்னவருக்கோ ஒரு கோப்பை தேநீர் போதுமென்று எண்ணிவிடுகிறோம். நிலத்தோற்றக் கலையைத் தொழிலாகக் கொண்டோரின் மனக்குறை இது. மிகப் பழைய குறையுங்கூட.

இங்கிலாந்தின் லான்சலொற் பிறவுன் (1716 - 1783) இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். படம் வரைவது, மேற்பார்வையாளரை அமர்த்துவது, ஏரி வெட்டுவிப்பது, மரம் நடுவிப்பது யாவற்றையும் தாமே ஒப்பந்தமாக ஏற்றார். பிரபுக்கள் தவணை தவணையாகப் பணம் செலுத்தினர். யோசனையின் விலை மண்வேலையின் விலைக்குள் அடங்கிவிட்டது. அவரும் செல்வந்தராகவே மறைந்தார். ஒருமுறை கனவான் ஒருவர் மேலதிக வேலைக்குப் பணந்தர மறுத்தபோது, அவர் முகத்துக்கு நேரே கணக்கைக் கிழித்துப் போட்டுச் சொல்ல வேண்டியதையும் சொன்னாராம். இச் சங்கதி அவருடைய கணக்குப் புத்தகத்திலேயே பதிவாகியிருக்கிறது! கணக்கைக் கிழிக்கும் வசதி அவருக்கு இருந்தது.

ஹம்ப்றி றெப்ரனுக்கு அது இல்லை. துணி வியாபாரத்திலே நொடித்து, தபால் வண்டித் திட்டமொன்றிலும் முதலை இழந்து, 1788இல் தமது 36ஆம் வயதில் இத் தொழிலுக்கு வந்தவர் அவர். ஒப்பந்த வேலை வேண்டாம், யோசனையை மட்டும் விற்போம் என்று துணிந்தார். ஜேன் ஒஸ்ரின் 1814இல் வெளியிட்ட நாவலொன்றில் அவருடைய நாட்கூலி ஐந்து கினி என்று வருகிறது.

அவர் விற்ற சரக்கு ஓர் அழகான புத்தகம். சிவப்புத் தோலால் அட்டை கட்டி, உள்ளே தம் கையாலேயே வர்ணப் படங்கள் தீட்டிக் கொடுப்பார். படத்தின் மேல் ஒட்டிய தாளில் நிலம் இன்றிருக்கும் கோலம் தெரியும். தாளைத் தூக்கினால் நாளை வரப்போகும் சோலை தோன்றும். இதைக் கண்டு மயங்காதார் யார்?

அந்த மயக்கமே அவருக்கு வினையாயிற்று. புத்தகத்தை வரவேற்பறை மேசையில் வைத்து விருந்தினருக்குக் காட்டி மகிழ்ந்தார்கள் சிலர். நிலத்தில் ஒரு மரமும் நடவில்லை. வேறு சிலர் தங்கள் ஆட்களைக் கொண்டே அரைகுறையாகச் செய்வித்தனர். அது கோணலானால் பழி மட்டும் றெப்ரனுக்கு. பிறைற்றனில் இளவரசருக்கு அவர் வரைந்து கொடுத்த மாளிகைத் திட்டமும் கிடப்பிலே போயிற்று. பின்னர் அம் மாளிகையைப் புதுக்கிக் கட்டியவர் அவருடைய பழைய கூட்டாளியான ஜோன் நாஷ். 1811இல் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்ட றெப்ரன், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழிலைத் தொடர்ந்தார், 1818இல் காலமானார்.

அவர் யோசனையை விற்றது தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஒப்பந்தக்காரனே யோசனையும் சொன்னால், தேவைக்கு மேலாக ஏரி வெட்டச் சொல்வானோ என்ற ஐயம் எழத்தானே செய்யும்? றெப்ரன் கேட்கத் தவறியது படத்தின் விலையையன்று. அதை நிறைவேற்றும்போது அருகே நிற்கும் உரிமையை.

இன்று இத் தொழிலில் உள்ளோர் முதற்கோடு கீறுமுன்னரே உடன்படிக்கை எழுதிக்கொள்கின்றனர். நிலத்தைப் பார்வையிட ஒன்று, மாதிரிப் படத்துக்கு ஒன்று, விரிவான வரைபடத்துக்கு ஒன்று, வேலையை மேற்பார்வை செய்ய ஒன்று எனக் கட்டணத்தைப் படிப்படியாகப் பிரித்துவிடுகிறார்கள். முதல்நாள் வருகைக்கே பணமா என்று முகஞ் சுளிப்போர் இன்றும் உண்டு. தேநீர் கொடுத்தோமே என்பார்கள்.