பழைய கார் வாங்குமுன்

சீட்டுக் கட்டிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கைக்கு வந்ததும், "ஒரு சின்னக் கார் இருந்தால் பிள்ளைகள் மழையில் நனையாமல் மாலை வகுப்புக்குப் போய்வருவார்களே!" என்னும் பேச்சு வெள்ளவத்தை வீடுகளில் எழுவது இயல்பே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய காரின் விலையோ வரியோடு சேர்ந்து எட்டா உயரத்தில் நிற்கின்றது. ஆகவே, நடுத்தரக் குடும்பத்துக்குக் கைகொடுப்பவை பழைய மாருதியும் அல்டோவும் போன்ற சிறு வண்டிகளே.

சென்ற மாதம் நண்பர் ஒருவருடன் கொட்டாஞ்சேனைக்குக் கார் பார்க்கச் சென்றிருந்தேன். வர்ணம் கண்ணாடிபோல் மின்னியது. நண்பர் முன்பணத்தை எடுத்துவிட்டார். எஞ்சின் மூடியின்மேல் கையை வைத்தேன். காலை ஏழு மணிக்கே அது சுட்டது! எஞ்சின் தன் நோயை மறைக்காமற் சொல்வது குளிர்ந்திருக்கும்போதுதான். "நாளை வருகிறோம், அதுவரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம்" என்று கூறித் திரும்பினோம். மறுநாள் கிளப்பியதும் நீலப் புகை முற்றத்தை மூடிற்று. முன்பணம் நண்பரின் சட்டைப் பைக்கே மீண்டது.

நீலப் புகை, ஒயில் எரிவதன் அறிகுறி. தொடக்கத்தில் மட்டும் தோன்றி மறைந்தால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கலாம். ஓடும்போதும் தொடர்ந்தால் பிஸ்டன் வளையங்களை ஐயுற வேண்டும். கரும்புகை, பெற்றோல் மிகையாகச் செல்வதைக் காட்டும். சூடேறிய பின்னரும் வெண்புகை ஓயாவிடின், றேடியேற்றர் நீர் சிலிண்டருக்குள் கசிகின்றதோ என்று பார்க்கவேண்டும்.

மாருதி 800 வண்டியின் 796 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர்கள். அது சற்று அதிர்வது இயற்கை. ஆனால், ஒரு சிலிண்டர் செயலிழந்தாலும் மூன்றிலொரு பங்கு வலிமை போய்விடும். ஆதலின், நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளப்பியுங்கள். மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். அதற்குக் கொடுக்கும் கூலி வீண் செலவன்று.

பின்னர், காலி வீதி நெரிசலில் அரைமணி நேரமாவது ஓட்டி, வெப்பமானியின் முள் ஏறுகின்றதா எனக் கவனியுங்கள். கடலோரத்தில் நின்ற வண்டியாயின், குனிந்து அடித்தகட்டின் துருவையும் நோக்குங்கள். பதிவுச் சான்றிதழில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் உள்ளதா என்பதையும் பாருங்கள்.

அவசரம் வேண்டாம். அடுத்த வாரமும் ஒரு கார் விலைக்கு வரும். சேர்த்த பணம் மறுபடி சேர்வது எளிதன்று.