படத்தில் இல்லாத மண்திட்டு

மட்டக்களப்பு வாவியின் கண்டல் கரைகளைக் காப்பாற்றப் பணமும் ஆளும் செலவழிப்பது வீண் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் கணினியைக் காட்டுகிறார். 2050இன் வெப்பத்திலும் மழையிலும் இறாலும் நண்டும் இங்கே பிழைக்கும் என்று படம் பச்சை காட்டுகிறதாம். பிழைக்காதவை தமக்கேற்ற இடம் தேடி நகர்ந்துவிடுமாம். ஆகவே கரையை நிரப்பி ஹோட்டல் கட்டலாமாம்.

விஞ்ஞானத்தின் பெயரால் வருவதால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உயிரினப் பரவல் மாதிரி என்பது, ஓர் உயிரினம் இதுவரை கண்டு பதியப்பட்ட இடங்களை எடுத்து, அங்குள்ள வெப்பநிலை, மழைவீழ்ச்சி போன்றவற்றோடு பொருத்தி, அதே நிலைமை நாளை எங்கே அமையும் என்று கணிப்பது. மேக்ஸென்ட் என்ற மென்பொருள் செய்வதும் இதைத்தான். கிடைப்பது ஏற்ற காலநிலையின் படம். அங்கே அந்த உயிர் இருக்கும் என்ற உத்தரவாதம் அல்ல. மாதிரி செய்பவர்களே இந்த எச்சரிக்கையை எழுதிவைக்கிறார்கள். நம்மவர் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்.

படத்தின் கண்பார்வையையும் கொஞ்சம் சோதிப்போம். கடலுயிர்களுக்குப் பலரும் எடுத்தாளும் அக்குவாமாப்ஸ், உலகத்தை அரைப் பாகைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. நம் பக்கத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 55 கிலோமீற்றர். ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம்வரை கிடக்கும் வாவியின் மொத்த நீளமே ஏறத்தாழ 56 கிலோமீற்றர்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலும், கிழக்கே எழுவான்கரைத் தெருவும், ஆழ்கடலும் ஒரே கட்டத்துக்குள், ஒரே நிறத்தில். அந்த நிறத்தை வைத்து இந்தக் கரை வேண்டும், அந்தக் கரை வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இனி அவர் படத்தில் எந்தத் தெளிவிலும் அகப்படாத ஒன்று. வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள்: நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. கச்சான் காலத்தில் மணல் வந்து அடைத்துக்கொள்ளும். மாரியில் வெள்ளம் ஏறி வெள்ளாமை மூழ்கத் தொடங்கினால், முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்று படுவான்கரை விவசாயிகள் கேட்பார்கள். நேரத்துக்கு முந்தி வெட்டினால் வாவி வடிந்து மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று மீனவர்கள் மறிப்பார்கள். கூட்டம் கூடும், வாக்குவாதம் நடக்கும், கடைசியில் வாயை வெட்டப் பெக்கோ இயந்திரம் போகும். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு வாவிக்குள் வந்து கண்டல் வேர்களுக்கிடையே வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகிறது. சேற்று நண்டின் பெட்டையும் முட்டையிடக் கடலுக்குத்தான் போகும். வாய் அடைத்துக் கிடந்தால், வெப்பநிலை எவ்வளவு தோதாக இருந்தும் குஞ்சு எந்த வழியால் உள்ளே வரும்?

ஆற்றுவாழையையும் பாருங்கள். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, 1909இலேயே இலங்கையில் தனிச் சட்டம் போட வைத்த செடி அது. உப்பு அதற்கு ஆகாது. வாய் மூடி நன்னீர் தேங்கினால் பாய் விரித்ததுபோல் பரவி, வலை வீச இடம் விடாது. தோணியையும் நகர விடாது. கடல்நீர் ஏறினால் இலை கருகி, அழுகிக் கரையொதுங்கும். இரண்டு நிலையிலும் வெப்பமானி காட்டுவது ஒரே அளவுதான். அவர் படமும் ஒரே பச்சைதான்.

பதிவுகளின் கதை இன்னும் மோசம். 1983 முதல் 2009 வரை யுத்தம். அந்தக் காலத்தில் படுவான்கரையில் குறிப்புப் புத்தகத்தோடு இறங்கி யார் நண்டு எண்ணினார்கள்? பாதுகாப்பு என்று சொல்லி வெட்டிச் சாய்த்த கண்டல் கரைகளும் உண்டு. அங்கே கண்டல் இல்லாததற்குக் காரணம் காலநிலை என்றுதான் மாதிரி படித்துக்கொள்ளும். துப்பாக்கியை அதற்குத் தெரியாது. இத்தகைய மாதிரிகளுக்கு எடுத்தாளும் வேர்ள்ட்கிளிம் காலநிலைத் தரவின் அடிப்படை 1970 முதல் 2000 வரையான சராசரி. 1978 நவம்பர் 23 சூறாவளி அதற்குள் கரைந்து காணாமல் போய்விட்டது. இங்கே அந்த இரவு யாருக்கும் சராசரி இரவாக இருக்கவில்லை.

பிழைக்காதது நகர்ந்து போகட்டும் என்கிறார். இடம்பெயர்வதை இத்தனை இலேசாக மட்டக்களப்பைப் பற்றி எழுத ஒருவருக்கு மனம் வருகிறதே! சரி, கண்டல் எங்கே போகும்? நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு; அதனால் கண்டல் நிற்கக்கூடிய கரையே ஒடுங்கியது. கடல் உயர்ந்தால் அது பின்வாங்கி மேட்டுக்கு ஏற வேண்டும். எழுவான்கரையில் காத்தான்குடிப் பக்கம் மதிலும் வீதியும் நிற்கின்றன. படுவான்கரையில் வயல் வரம்பு. மிச்சமிருக்கும் இடைவெளியில்தான் இவர் மண் கொட்டச் சொல்கிறார். நகர்ந்துவிடும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே நகரும் வழியை அடைக்கிறார்.

மாதிரிமேல் எனக்குக் கோபமில்லை. நல்ல தரவு கொடுத்தால் நல்ல கேள்விக்கு உதவும் கருவி அது. முகத்துவாரம் வெட்டிய திகதிகள், மாதாமாதம் அளந்த உப்புத்தன்மை, மீனவர் சங்கங்களிடமுள்ள பிடிக் கணக்கு, இவற்றையெல்லாம் சேர்த்து ஒருதரம் ஓட்டிவிட்டு அவர் வரட்டும், உட்கார்ந்து பேசலாம். அதுவரை ஹோட்டலுக்கு மண் கொட்டக் கணினியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.