செலவும் வரவும்

பழந்தமிழில் செலவு என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. இன்று நாம் அச்சொல்லைக் கணக்கேட்டில் மட்டுமே எழுதுகிறோம். தோல் வணிகத்தில் ஊறிய நம் வட்டாரத்தார்க்குக் கணக்கேட்டின் இயல்பைச் சொல்ல வேண்டியதில்லை. செலவு எழுதினால் எதிர்ப்பக்கத்தில் வரவும் எழுதப்பெற வேண்டும். கண்டங்களைக் கடந்து சென்று மீண்டவர், தாம் கண்டதை ஊரார்க்கு எடுத்துரைப்பதே அந்த வரவு. அது பதியப்பெறாத பயணம், எத்துணை நெடியதாயினும், முடிக்கப்படாத கணக்கே என்பது நம் கருத்து.

முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு நாடு விட்டு நாடு செல்வது மேனாட்டு இளைஞர் கண்ட புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். மலைபடுகடாம் பயின்ற மாணவர் அவ்வாறு எண்ணார். இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டி, பலாக்காய்க் கொத்துகளைப் போலச் சுமந்து செல்லும் கூத்தர் கூட்டத்தோடுதான் அப்பாட்டுத் தொடங்குகிறது. அவர்கள் நாடிச் சென்ற நன்னனின் செங்கண்மா நமக்குத் தொலைவான ஊரும் அன்று. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் தெற்கே எழும் சவ்வாது மலைத்தொடருக்கு அப்பால் உள்ள செங்கமே அது. முன்னரே சென்று பரிசில் பெற்று மீண்டவன், எதிர்வரும் வறியவனை நிறுத்தி வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்படி வரும், பாறை எங்கே வழுக்கும் என்பனவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். தன் பெருமையைக் காட்டிலும் பின்வருபவனின் கால் அவனுக்குப் பெரிதாகப் படுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக அமைந்ததை நோக்கின், திரும்பி வந்து சொல்லுதல் நம் முன்னோர்க்கு ஒரு கடமையாகவே இருந்தது எனலாம். (சிறுபாணாற்றுப்படையில் வரும் வேலூர் ஓய்மாநாட்டைச் சார்ந்தது, நம் வேலூர் அன்று. எனினும் மாணவர்தம் விடைத்தாள்களில் அவ்வூர் பாலாற்றங்கரைக்கு வந்துவிடுவதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.)

இனி இப்னு பதூதாவைக் காண்போம். 1325ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ் கடமைக்காகத் தனியே புறப்பட்ட அவர், ஊர் திரும்பியது 1349இல். அதன் பின்னும் அமைதி கொள்ளாமல் ஸ்பெயினுக்கும் மாலி நாட்டிற்கும் சென்று வந்தார். அவர் கடந்த தொலைவு 70,000 மைலுக்கும் மேல் எனக் கணக்கிடுவர். ஃபெஸ் நகரச் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் வாய்மொழியாகச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுத, 1355இல் நூல் நிறைவுற்றது. புகாராவின் அடக்கத்தலங்களில் அவர் படியெடுத்து வைத்த குறிப்புகள் இந்தியக் கடலில் கொள்ளையர் கையில் அகப்பட்டு அழிந்தன. எனவே அந்நூலின் பெரும்பகுதி நினைவிலிருந்து எழுந்தது. திமிஷ்கு நகரைப் பற்றிய பகுதிகளில் முன்னோரான இப்னு ஜுபைரின் எழுத்து அப்படியே கலந்திருப்பதையும், சீனப் பயணத்தில் ஐயங்கள் உள்ளதையும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதனால் நூலின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. நினைவு என்பது அத்தகையதுதான்.

நம் நெஞ்சைத் தொடுவது அவருடைய தமிழகப் பகுதி. இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் சிதைந்து, 1344ஆம் ஆண்டளவில் அவர் மஅபர் கரையில் ஒதுங்கினார். மதுரையை அப்போது ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை ஆவார். அச்சுல்தான் பிடிபட்ட மக்களைக் கழுவேற்றியதையும், பெண்டிரையும் பிள்ளைகளையும் கூடக் கொன்றதையும் கண்ட இப்னு பதூதா, அவற்றை மறைக்கவில்லை. உறவினர் என்றோ, தம் மார்க்கத்தவர் என்றோ, தமக்குச் சோறிட்டவர் என்றோ பாராமல், அச்செயல் வெறுக்கத்தக்கது என்று பதிவு செய்தார். மதுரையில் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் தாமும் வீழ்ந்து, புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்ததையும் சொல்கிறார். புளியும் கொடுமையும் ஒரே நூலில் அருகருகே இருக்கின்றன. பயண நூல் என்பதற்கு நாம் வேண்டும் இலக்கணம் இதுவே.

நம் காலத்துக்கு அணுக்கமான சான்று ஒன்றும் உண்டு. சதீஷ் குமார், ஈ.பி. மேனன் என்னும் இரு இளைஞர்கள் அணு ஆயுத ஒழிப்பை வேண்டி 1962ஆம் ஆண்டு ஜூன் மாதம் தில்லி இராஜகாட்டிலிருந்து நடக்கத் தொடங்கினர். முதுகில் பை உண்டு; பையில் காசு இல்லை. ஒருவர் சமணத் துறவியாக இருந்தவர், இன்னொருவர் கேரளத்தவர். இருவரும் புலால் உண்ணாதவர். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் எனப் பல மாதங்கள் முஸ்லிம் நாடுகளின் வழியே நடந்தனர். எல்லையில் நண்பர் ஒருவர் வழிக்கு உணவுப் பொட்டலம் தந்தபோது, அதைக் கொண்டு செல்வது எதிரே இருக்கும் மக்கள்மீது ஐயம் கொள்வதாகும் என்று மறுத்துவிட்டனர். அந்நாட்டு மக்கள் அவர்களைப் பட்டினி போடவில்லை. சோவியத் நாட்டில் தேயிலை ஆலை ஒன்றின் அருகே சந்தித்த பெண்ணொருத்தி நான்கு பொட்டலம் தேயிலை தந்து, மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் தலைவர்களிடம் சேர்க்கச் சொன்னாள். அணுகுண்டுப் பொத்தானை அழுத்துமுன் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தட்டும் என்பது அவள் செய்தி. ஏறத்தாழ 8,000 மைல் கடந்து 1964 சனவரியில் வாஷிங்டனை அடைந்தனர். 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் நிகழ்ந்தபின் அந்தத் தரைவழிப் பாதை பயணிகளுக்கு ஏறக்குறைய அடைபட்டே போயிற்று. இருவரும் தத்தம் நூல்களில் எழுதி வைத்ததால்தான், ஆசியாவின் குறுக்கே அறிமுகமற்ற வீடுகளின் சோற்றை உண்டே நடக்கக்கூடிய ஒரு காலம் இருந்ததை நாம் அறிகிறோம். வழிப்போக்கனுக்கு உரிமை உண்டு என்று ஓதி வளர்ந்த நம் சமுதாயத்திற்கு இது பெருமையான சாட்சியம். அதை எழுதியவர்களோ நம்மவர் அல்லர்.

இங்கேதான் நம் ஆதங்கம். பேர்ணாம்பட்டிலும் மேல்விசாரத்திலும் இராணிப்பேட்டையிலும் பதப்படுத்தப்பட்ட தோல் போகாத கண்டம் இல்லை எனலாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட காலம் முதல், காலணியாகத் தைத்து அனுப்பும் இந்நாள் வரை, நம் சரக்கு உலகைச் சுற்றியிருக்கிறது. சரக்கோடு மனிதரும் சுற்றியிருக்கின்றனர். மும்பையிலிருந்து ஹஜ் கப்பல் 1995 வரை ஓடியது. அதில் சென்று வந்த பெரியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். வளைகுடா நாடுகளில் இருபது ஆண்டு உழைத்து மீண்டவர் எத்தனையோ பேர். இவர்தம் பயணங்கள் எழுத்தில் ஏறியது மிக அரிது. வீட்டில் உர்தூ, பள்ளியில் தமிழ், மதரஸாவில் அரபு என மும்மொழி பயின்றும், அனுபவம் எம்மொழியிலும் தங்காமல் திண்ணைப் பேச்சோடு கரைந்துவிடுகிறது. கைப்பேசியில் ஆயிரம் படங்கள் உள்ளனவே என்பர். அப்படங்கள் இன்னார் அங்கே நின்றார் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

சிலர் எழுதத்தான் செய்கின்றனர். ஆனால் தங்கிய விடுதியும் உண்ட உணவும் வாங்கிய பொருளுமே பக்கங்களை நிரப்புகின்றன. ஏ.கே. செட்டியார் காந்தியடிகளின் ஆவணப்படத்திற்காக 1937 முதல் 1940 வரை உலகைச் சுற்றியவர். பின்னாளில் அதை நினைவுகூர்ந்து எழுதியபோது தம்மைப் பின்னால் நிறுத்தி, சந்தித்த மனிதரையே முன்னால் நிறுத்தினார். நம் எழுத்தாளர்க்கு அவர் நல்ல ஆசான்.

தமிழ்த்துறைக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. மூன்றாமாண்டு மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் தம் தெருவில் நெடும்பயணம் சென்று மீண்ட ஒருவரை அணுகி, அவர் சொல்வதை எழுதி வரட்டும். இப்னு பதூதாவுக்கு ஒரு இப்னு ஜுஸை கிடைத்ததுபோல், நம் பெரியோர்க்கும் ஓர் எழுத்தர் வேண்டும். வணிகரோடு நில்லாமல் பதனிடும் தொட்டியில் நின்ற தொழிலாளியையும், பிள்ளைகளோடு தனியே விமானம் ஏறிய தாய்மாரையும் வினவ வேண்டும். காட்பாடியில் இறங்கி மருத்துவமனைக்கு விரையும் வங்காளத்தவரும் வடகிழக்கு மாநிலத்தவரும் இந்நாட்டின் குறுக்கே வந்தவர்களே. வேலூர் அவர்களை எவ்வாறு நடத்தியது என்பதையும் கேட்டு எழுதலாம்.

வினாக்கள் எவையாக இருக்கட்டும்? கப்பலில் அருகே படுத்திருந்தவர் எந்த ஊர்க்காரர்? மொழி தெரியாத ஊரில் முதல் வேளைச் சோற்றை யார் இட்டார்? எங்கே ஏமாற்றப்பட்டீர்கள்? பின் செல்பவன் எந்த இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும்? தோல் கழிவுநீர் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் கடுமையாகத் தீர்ப்பளித்த வட்டாரம் நம்முடையது. ஆதலின், இத்தாலியில் ஆர்னோ ஆற்றங்கரையில் சாந்தா குரோச்சே என்னும் தோல் நகரைப் பார்த்து வந்த வணிகப் பெருமக்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அங்கே கழிவுநீரை என்ன செய்கின்றனர்? உங்கள் ஊர் ஆறு எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்டபோது, நீங்கள் என்ன விடை சொன்னீர்கள்?