இன்பம் மட்டுமா பயணம்?

பள்ளி விடுமுறை முடிந்து மாணவர்கள் வகுப்பறைக்குத் திரும்பும் முதல் வாரத்தில் தமிழாசிரியர் பலகையில் எழுதும் கட்டுரைத் தலைப்பு பெரும்பாலும் ஒன்றேயாகும்: ‘நான் மேற்கொண்ட இன்பச் சுற்றுலா’. முப்பது மாணவர்களும் எழுதத் தொடங்குவர். முப்பது ஏடுகளிலும் கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புவான். புள்ளினங்கள் இன்னிசை எழுப்பும். கடற்கரையில் அலைகள் கைநீட்டி வரவேற்கும். மாலையில் அனைவரும் களைப்புடனும் களிப்புடனும் இல்லம் திரும்புவர். ஓர் ஏட்டிலேனும் எவரும் வழி தவறுவதில்லை. எவருக்கும் தலைசுற்றல் வருவதில்லை. மொழி தெரியாமல் எவரும் திகைப்பதில்லை. அந்தக் கடற்கரையில் வாழ்கின்ற ஒரு மனிதரோடேனும் எவரும் ஒரு சொல் பேசுவதுமில்லை.

ஆசிரியர் மகிழ்ந்து மதிப்பெண் வழங்குகிறார். அவர் மதிப்பெண் வழங்குவது பயணத்திற்கன்று, மனப்பாடத்திற்கே. தலைப்பில் நிற்கும் ‘இன்ப’ என்னும் ஒரே அடைமொழி, வினாவிலேயே விடையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. துன்பப்பட்ட மாணவன் அதைச் சொல்ல இடமில்லை. எங்கும் செல்லாத மாணவனோ, செல்லாமலேயே முழு மதிப்பெண் பெற்றுவிடலாம்!

இக்குறை மாணவரோடு நிற்பதாயின் திருத்துவது எளிது. வளர்ந்த எழுத்தாளர் பலரின் பயணக் கட்டுரைகளும் இதே ஏட்டின் பெரிய பதிப்புகளாகவே இருக்கின்றன. விமான நிலையத்தில் வரவேற்பு, மண்டபத்தில் பொன்னாடை, இல்லத்தில் விருந்து, இறுதியில் நன்றி நவிலல் என்பதோடு ஒரு நாடு முடிந்துவிடுகிறது. இதற்கு நேர் எதிரான மற்றொரு வகையும் உண்டு. அங்கே தூய்மை இல்லை, இங்கே நாணயம் இல்லை, உணவு வாயில் வைக்க இயலவில்லை என்று பக்கந்தோறும் பழிப்பது அவ்வகை. முன்னது முகமன், பின்னது முணுமுணுப்பு. இரண்டும் ஒரே தவற்றின் இரு பக்கங்களே. ஒருவர் தம் மகிழ்ச்சியை மட்டும் கண்டார். மற்றவர் தம் எரிச்சலை மட்டும் கண்டார். நாட்டை இருவருமே காணவில்லை.

அயல்நாட்டுக் கரையில் கால் வைப்பவன் இன்பத்தையும் துன்பத்தையும் ஒருங்கே பதிவு செய்தல் வேண்டும். துன்பத்தைக் கண்டபோது அதன் காரணத்தைத் தேடுதல் வேண்டும். காணும் தன் கண்ணையும் ஐயுறுதல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத எழுத்தைப் பயண இலக்கியம் எனல் பொருந்தாது. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லத் தேவையில்லை. இம்மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார். அவர் முன்ஷி அப்துல்லா.

மலாய் உரைநடையின் புதுமைக்கு முன்னோடியாகப் போற்றப்படும் அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த அரபியர் ஒருவரின் வழியில் வந்தவர். மலாக்காவில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கணக்கும் வணிகமும் பயிலும்பொருட்டுத் தமிழ் கற்பது அந்நாளைய வழக்கம் என்றும், தாமும் சிறுவயதில் ஈராண்டுக்கு மேல் தமிழ் கற்றதாகவும் அவரே தம் வரலாற்றில் குறித்துள்ளார். இத்தகைய ஒருவரைத் தமிழ் மாணவர் அறியாதிருத்தல் எவ்வகையிலும் பெருமையன்று.

1838ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வணிகர்களின் சரக்குகள் கிளந்தானில் சிக்கிக்கொண்டன. அங்கே அரச குடும்பத்தாரிடையே போர் மூண்டிருந்தது. ஆளுநரின் கடிதங்களைச் சுமந்துகொண்டு, கிராண்ட்பிரே என்பவருடனும் கோ ஆன் என்னும் பாபா சீனருடனும் அப்துல்லா சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டார். பகாங், திரெங்கானு, கிளந்தான் ஆகியவை இன்று ஒரே நாட்டின் மாநிலங்கள். அன்றோ அவை தனித்தனி அரசுகள். ஆங்கிலேயர் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களில் வாழ்ந்த அப்துல்லாவுக்கு அது அயற்கரையே. அப்பயணத்தின் நூல் அதே ஆண்டில் சிங்கப்பூரில் அச்சேறியது.

அந்நூலில் அவர் எதை மறைத்தார்? அச்சத்தை மறைக்கவில்லை. கடற்கொள்ளையர் எந்தத் தீவின் மறைவிலிருந்து வெளிப்படுவரோ என்று நடுங்கியதை எழுதினார். புயலில் படகு அலைப்புண்டு, தலை சுழன்று, உயிர்மேல் ஆசை விட்ட நிலையை எழுதினார். போர் நடக்கும் ஊருக்குள் கடிதத்தோடு நுழைய வேண்டிய இக்கட்டை எழுதினார். தாம் வீரர் என்று காட்டிக்கொள்ள அவர் விரும்பவில்லை. அதனாலேயே படிப்பவர் அவரை நம்புகின்றனர். அச்சத்தைச் சொல்பவன் வியப்பைச் சொல்லும்போதுதான் அவ்வியப்பு உண்மையாகிறது. ஆற்று முகங்களையும், கிளந்தான் சந்தையையும், மக்களின் உடையையும், ஊர்தோறும் விளையும் பொருள்களையும், கைத்தொழில்களையும் அவர் ஆர்வத்தோடு பட்டியலிட்டார். இடையிடையே செய்யுளும் புனைந்தார். துன்பம் அவருடைய கண்ணை மூடிவிடவில்லை.

அதனினும் சிறந்தது அவர் காரணம் தேடிய முறை. பகாங்கில் வளமான மண்ணும் ஆறும் இருந்தும் மக்கள் வறுமையில் வாழ்வதைக் கண்டார். கண்டதோடு நில்லாமல், ‘ஏன்?’ என்று அம்மக்களையே வினவினார். உழைத்துப் பொருள் சேர்த்தால் அதை மேலிடத்தார் ஏதேனும் ஒரு காரணங்காட்டிப் பறித்துக்கொள்வர். ஆகவே ஏழையாய் இருப்பதே காப்பு என்னும் கருத்துப்பட அவர்கள் விடை பகர்ந்தனர். திரெங்கானுவில் அரண்மனை வழியே செல்வோர் குடை விரிக்கவும் காலணி அணியவும் மஞ்சள் ஆடை உடுத்தவும் தடை இருந்ததை அவர் குறித்தார். பிள்ளைகள் திருமறை ஓதக் கற்கின்றனரேயன்றித் தம் தாய்மொழியை எழுதப் படிக்க முறையாகக் கற்பதில்லை என்று வருந்தினார். சுற்றுலாப் பயணி சந்தையைக் காண்பான். அப்துல்லா சந்தைக்குப் பின்னாலிருந்த அரசியலையும் கல்வியையும் கண்டார். தாய்மொழி பற்றிய அவருடைய வருத்தத்தை இன்று தமிழ்ப் பெற்றோர் சிலர் தம் இல்லத்தில் வைத்துப் படிப்பது நன்று.

ஆயினும் அப்துல்லாவைத் தொழுதுவிட்டு நகர்வதும் தவறு. அவரிடமும் குறையுண்டு. ஆங்கிலேய ஆட்சியின் அளவுகோலையே கையில் ஏந்தி அவர் எல்லாவற்றையும் அளந்தார். மக்களின் சோம்பலையும் அபின் பழக்கத்தையும் கடிந்தார். ஆனால் அவர் போற்றிய ஆட்சியின் சிங்கப்பூரிலேயே அபின் விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற பணம் அரசின் தலையாய வருவாய்களுள் ஒன்றாக இருந்தது. அயற்கரையின் அழுக்கைக் கண்ட கண், தன் துறைமுகத்தின் அழுக்கைக் காணவில்லை. இக்குறையையும் மாணவருக்குக் கற்பித்தல் வேண்டும். ஏனெனில் பயணம் செய்வோர் எல்லாருக்கும் நேரும் குறை இது. தன் ஊரை மனத்தில் நிறைகோலாக வைத்துக்கொண்டு செல்பவன், அந்நிறைகோலின் முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பதில்லை.

இவ்விடத்தில் அப்துல்லாவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு முற்பட்ட மற்றொரு பயணியை ஒப்புநோக்குதல் தகும். மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரையான மலபாருக்கு வந்தார். டில்லி சுல்தான் சீனப் பேரரசருக்கு அனுப்பிய தூதராக அவர் வந்திருந்தார். கோழிக்கோட்டுத் துறையில் புயல் எழுந்தது. பரிசுப் பொருள்களை ஏற்றிய கப்பல் உடைந்தது. அவருடைய உடைமைகளும் உடன்வந்தோரும் இருந்த மற்றொரு கலம் அவரைக் கரையில் விட்டுவிட்டுக் கடலோடியது. தூதராக வந்தவரிடம் எஞ்சியவை பத்துப் பொற்காசுகளும் ஒரு விரிப்புமே. பின்னொரு முறை அதே கரையில் கடற்கொள்ளையர் அவருடைய உடையையும் உருவிக்கொண்டனர்.

இத்தனை இடர்களுக்கு ஆளானவர் அக்கரையை எவ்வாறு எழுதினார்? மலபார்ச் சாலையில் அரைக் கல் தொலைவுக்கு ஒரு தங்கல் இருந்ததையும், அங்கே வழிப்போக்கர் அமர இருக்கைகளும் பருகக் கிணறும் இருந்ததையும், எம்மதத்தவருக்கும் அங்கே நீர் கிடைத்ததையும் புகழ்ந்தார். அவ்வளவு பாதுகாப்பான சாலையைத் தாம் கண்டதில்லை என்னும் பொருள்பட எழுதினார். கடல் கொடுத்த இழப்புக்குக் கரையில் வாழ்ந்தவர்களைப் பழிக்கவில்லை. கரையின் நலத்தைப் புகழ்வதற்காகத் தம் இழப்பை மறைக்கவுமில்லை. இரண்டையும் தனித்தனியே நிறுத்தினார். அப்துல்லா தவறிய இடத்தில் அவர் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.

இதற்கு மறுப்புகள் எழாமல் இல்லை. ‘இளம்பிள்ளைகளுக்கு நல்லவற்றையே கற்பிக்க வேண்டும்; துன்பத்தை எழுதப் பழக்கினால் குறை கூறும் குணம் வளரும்’ என்பர் சிலர். குறை கூறுதல் வேறு. கண்டதைக் கூறுதல் வேறு. கடற்கரையில் குப்பையைக் கண்ட பிள்ளை வெண்மணல் என்று எழுதினால், அது நல்லொழுக்கமன்று, பொய்யின் முதற்பயிற்சி. நன்னெறிப் பாடத்தில் வாய்மையைக் கற்பித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் பொய்க்கு மதிப்பெண் வழங்குவது எவ்வகைக் கல்வி?

‘தேர்வில் திருத்துவோர் அழகிய தொடர்களையே எதிர்பார்க்கின்றனர்’ என்பர் வேறு சிலர். திருத்துவோரும் ஆசிரியரே. ஆசிரியர் விரும்பினால் ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாறும். நூறு ஏடுகளில் ஒரே கதிரவன் உதித்துச் சலித்த கண்ணுக்கு, மழையில் நனைந்து பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பிள்ளையின் நேர்மையான பத்தி விருந்தாகவே அமையும். மரபுத்தொடர்களைக் கைவிட வேண்டும் என்பதன்று இதன் கருத்து. தொடர் அனுபவத்துக்குப் பணி செய்ய வேண்டும். அனுபவம் தொடருக்குப் பணி செய்தல் ஆகாது.

‘அயலாரின் குறையை எழுதினால் அவர் மனம் புண்படாதா?’ என்று அஞ்சுவோரும் உண்டு. பல இனத்தவர் கூடிவாழும் நாட்டில் இவ்வச்சம் மதிக்கத்தக்கதே. ஆனால் அதற்குரிய மருந்து மௌனமன்று. காரணத்தை வினவுதலும் தன் குறையையும் உடன் எழுதுதலுமே மருந்து. வினவாமல் எழுதும் புகழ்ச்சியும் அவமதிப்பே. அதில் அயலார் மனிதராக அன்றி, படத்தின் பின்னணியாகவே நிற்கின்றனர்.

இவ்வளவு அழுத்தம் ஏன்? இழப்பு வெறும் கட்டுரையோடு நிற்கவில்லை என்பதே காரணம். இன்றைய மாணவர் பலரின் முன்னோர் ஒருகாலத்தில் அயற்கரைக்கு வந்த பயணிகளே. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறங்கியவர்கள் அவர்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அதன் மேல்தளத்தில் படுத்துவந்தவர்கள் கடல்நோயை அறிந்திருந்தனர்; கூடிச் சமைத்த சோற்றின் சுவையையும் அறிந்திருந்தனர். தொற்றுநோய்த் தடுப்பு முகாம்களில் அடைபட்ட நாள்களை அறிந்தவர்களும் உண்டு. கரையில் உறவினர் முகத்தைத் தேடிக் கண்டுகொண்ட மகிழ்ச்சியை அறிந்தவர்களும் உண்டு.

அவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ, வீட்டுத் திண்ணையில் உயிருள்ள பயணநூல் ஒன்று அமர்ந்திருக்க, காணாத மலையருவியின் சலசலப்பை வருணித்துக்கொண்டிருக்கின்றனர். ‘இன்பச் சுற்றுலா’ என்னும் அச்சில் பாட்டியின் கப்பல் அடங்காது. அடங்காததனாலேயே அது எழுதப்படாமல் போகிறது. எழுதப்படாத பயணம் ஒரு தலைமுறையில் கதையாகும். அடுத்த தலைமுறையில் அக்கதையும் இல்லை.

ஆகவே தமிழாசிரியர்கள் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, தலைப்பிலிருந்து ‘இன்ப’ என்னும் சொல்லை நீக்குக. இரண்டாவது, பயணத்தில் மகிழ்ந்தது எது, வருந்தியது எது, விளங்காமற்போனது எது என மூன்று பத்திகள் எழுதப் பணிக்குக. மூன்றாவது பத்தியே பிள்ளையின் அறிவுக்கு உண்மையான தேர்வு. மூன்றாவது, அயலூரில் ஒருவரிடமேனும் ஒரு வினாவைக் கேட்டு அவர் தந்த விடையை எழுதி வரச் செய்க. நான்காவது, எங்கும் செல்ல வசதியற்ற பிள்ளை தன் வீட்டு முதியவரின் பயணத்தைக் கேட்டு எழுதட்டும். அவ்வேடு வகுப்பில் முதலாவதாகப் படிக்கப்படட்டும். இவற்றுக்குப் புதிய பாடநூலும் வேண்டா. கூடுதல் பாடவேளையும் வேண்டா. ஆசிரியரின் துணிவு ஒன்றே போதும்.

அப்துல்லா 1854இல் மக்காவை நோக்கி மீண்டும் கப்பலேறினார். குமரிமுனைக் கடலின் அலைகள் தம்மை அச்சுறுத்தியதை அப்போதும் மறைக்காமல் எழுதினார். அந்நூல் நிறைவுறுமுன்னரே அரபு மண்ணில் அவர் உயிர் நீத்தார். முற்றுப்பெறாத அந்நூல் இன்றும் படிக்கப்படுகிறது. முழு மதிப்பெண் பெற்ற ஆயிரமாயிரம் இன்பச் சுற்றுலாக்களோ ஆண்டு முடிவில் பழைய தாள் வணிகரின் எடைத்தட்டை அடைகின்றன. அலையை அலை என்றும் அச்சத்தை அச்சம் என்றும் எழுதியதே அவருக்கும் இவற்றுக்கும் உள்ள வேற்றுமை. அந்த வேற்றுமையைக் கற்பிக்காத தமிழ் வகுப்பு, மொழியின் அணிகலன்களை மட்டும் கற்பித்து, மொழி எதற்காக உள்ளது என்பதைக் கற்பிக்க மறந்த வகுப்பாகும்.