பொருநைக் கரைப் பள்ளிகளும் நம் கடமையும்

பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று சொல்லிப் பூரிப்போர் நம் சங்கத்தில் உளர். "எல்லாம் மதம் மாற்ற விரித்த வலை" என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் பாதி வரலாற்றையே பார்க்கின்றனர் என்பது என் கருத்து.

பொருநை பாய்ந்த இடம் வேறு. பள்ளிகள் பெருகிய இடம் வேறு. பாபநாசம் முதல் திருவைகுண்டம் வரை ஆறும் கால்வாய்களும் வளப்படுத்திய நன்செய் ஊர்களில் நிலமுடையோர்க்குக் கல்வி முன்பே கைவந்திருந்தது. ஆற்றுநீர் எட்டாத தெற்குத் தேரியில் பனையேறிப் பிழைத்தவன் நிலை என்ன? ஏட்டுக்கு ஓலை தந்தது அவன் ஏறிய மரம். ஏட்டைப் படிக்கும் வாய்ப்பு மட்டும் அவனுக்கு இல்லை!

அத்தேரியில்தான் 1799ஆம் ஆண்டில் முதலூர் என்னும் கிறித்தவச் சிற்றூர் எழுந்தது. மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் எனப் பின்னர் பல எழுந்தன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர் சபைகளையும் பள்ளிகளையும் சேர்த்தே வளர்த்தார். ஓலைக் கூரையிட்ட சிறு கோயிலே பல ஊர்களில் வகுப்பறையும் ஆயிற்று. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டதை யாவரும் அறிவோம். அவர் துணைவியார் எலைசா அவ்வூர்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்பித்ததைப் பேசுவோர் சிலரே. பெண் கையில் எழுத்தும் காசும் சேர்ந்தது சிறிய மாறுதலா? பாளையங்கோட்டையில் 1895இல் சாராள் தக்கர் கல்லூரி தோன்றியதும், அந்நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் பள்ளிகள் அமைந்ததும் அவ்வழியில் வந்தவையே.

மதம் பரப்பவே அவர்கள் வந்தார்கள். அதை அவர்கள் ஒளிக்கவுமில்லை. ஆயினும் கற்ற எழுத்து கற்பித்தவர் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை. வேதம் வாசிக்கக் கற்றவன் பத்திரத்தையும் வாசித்தான், மனு எழுதினான், தன் மகளை ஆசிரியையாக்கினான். வலை என்று ஒதுக்குவோர் இதனை எண்ண வேண்டும்.

பெருமை பேசுவோரும் ஒன்றை எண்ண வேண்டும். சபை வளர்ந்த இடமெல்லாம் சாதி தேய்ந்துவிடவில்லை. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், வடக்கன்குளத்துத் திருக்குடும்பக் கோயிலுக்குள் சாதியாரைப் பிரிக்கச் சுவரே இருந்தது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை கண்ட ஊர்கள் உண்டு. ஒரே இறைவன்முன் மண்டியிட்டோர் ஒரே மண்ணில் உறங்க மறுத்தனர்!

அது பழங்கதை என்று சொல்லிவிட முடியுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், அம்மாணவர் பயின்ற பள்ளியின் மாணவர்களே. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. மாணவர் கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்று அது பரிந்துரைத்தது. ஒரு காலத்தில் சுவர், இக்காலத்தில் கயிறு. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே.

பள்ளியின் பெருமை அது எழுந்த ஆண்டில் இல்லை. அதன் பலகையில் யாருக்கு அருகில் யார் அமர்கின்றனர் என்பதில் இருக்கிறது.

நண்பர்களே, ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து பயிலும் நம்மால் என்ன ஆகும் என்பீர். இரண்டு ஆகும். புதிதாய் வரும் தமிழ் மாணவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்பது அன்பு. "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று தொடர்வது பெரும்பாலும் சாதி அறியும் தந்திரம். நம் விடுதிகளில் அந்த இரண்டாம் கேள்வி இனி எழக்கூடாது. அடுத்து, கோடை விடுமுறையில் பத்து நாளேனும் அவரவர் ஊரின் பிள்ளைகளுக்குக் கணக்கோ அறிவியலோ கற்றுக் கொடுப்போம். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே பாயில் அமர்த்திக் கற்பிப்போம். நம்மைப் படிக்கவைத்த ஊருக்கு நாம் பட்ட கடன் அது.